உதடு தெரிகிற வெளிச்சம்

என் ஆசை அம்மாவுக்கு,

ஹால் லைட்டை எல்லாம் கழற்றி மாற்றியாகிவிட்டது. எத்தனையோ சேதி இருக்க, இதைத்தான் முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எலக்ட்ரீஷியன் நஸீர் பாய்தான் வந்து மாற்றிக்கொடுத்தார். பழைய துளைகளில் இரண்டை அடைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார். அடைத்த இடம் இன்னும் வட்டமாகத் தெரிகிறது. "இன்னொரு கோட்டு வுட்டா மறைஞ்சிடும்மா" என்றார். வேணாம் பாய், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நீ போய் ஐந்து மாதமாகிறது. உன்னிடம் பேச வேண்டுமென்றால் நான் எப்போதும் உன் முன்னால் வந்து நிற்க வேண்டும். பின்னாலிருந்து கூப்பிட்டு நீ திரும்பியதில்லை. இப்போது எந்தப் பக்கம் பார்த்து நின்று பேசுவது, சொல்? அதனால்தான் எழுதுகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். உனக்குத் தெரிந்த கதையையே அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது. அடுத்த மாதமே நீ தண்டையார்பேட்டையில் ஒரு பிரஸ் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாய். டின் டப்பாவுக்கு மூடி அடிக்கிற வேலை. தகரத்தை வைத்துக் காலால் மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரு மூடியை வெட்டும். ஒரே கூரைக்குக் கீழே பதினாலு மிஷின். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போவாய். பத்தொன்பது வருஷம் போனாய். முதலில் குக்கர் விசில் உனக்குக் கேட்காமல் போனது. அப்புறம் தெருவில் மீன் விற்றுப் போகிறவளின் குரல். அப்புறம் என் குரல்.

எனக்கு அது தெரியவே வெகுநாள் ஆயிற்று. அந்த ஷெட்டில் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது என்பதால், நீங்களெல்லாம் ஒருத்தி உதட்டை ஒருத்தி பார்த்தே பேசிப் பழகியிருந்தீர்கள். காது மெல்ல மெல்ல அடைய, கண் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. கும்மிடிப்பூண்டி ரயிலில் எதிர்ப்பக்க ஜன்னலோரம் புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்று சண்டை போட்டால், "மாமியாருக்கு மோதரம் வாங்கித் தந்தானாம், அதான் மேட்டரு" என்று என்னிடம் சொல்வாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

'பாட்டு' என்றாலும் 'மாட்டு' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் அசையும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். நான் பாட்டு போடட்டுமா என்று கேட்டால், "மாட்டுக்கு இன்னாடி ஆச்சு?" என்பாய், வேண்டுமென்றே. உன் பேத்தி திவ்யா சின்ன வயதில் அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒரு தடவை காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு, "காதுக்குள்ள பிரஸ் மிஷின திருப்பி வெச்சா மாதிரி கீது" என்று கழற்றி பீரோவில் வைத்தாய். அதோடு சரி. நாங்களும் விட்டுவிட்டோம். நீ அவ்வளவு சரளமாகப் பேசினாய், பதில் சொன்னாய், கிண்டல் செய்தாய். உனக்குக் காது கேட்காது என்பதையே நான் மறந்துபோனேன் அம்மா. பெற்ற பெண் மறந்துபோனேன்.

போன வருஷ மழையில் ஹாலில் தண்ணீர் சொட்டியதே, ஞாபகமிருக்கிறதா? மாடித் தளத்தைச் சரிசெய்த கையோடு, கீழே கறைபட்ட கூரையை மறைக்க ஃபால்ஸ் சீலிங் போட்டுவிடலாம் என்று உன் மாப்பிள்ளை சேகர் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆபீஸில் கூட வேலை செய்கிறவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பார்த்திருந்தேன். கூரைக்குள் பதிந்த சின்னச் சின்ன வட்ட விளக்குகள், ஹோட்டல் மாதிரி. திருவொற்றியூரில் நம் சந்துக்குள்ளும் அப்படி ஒரு ஹால் இருந்தால் என்ன என்று தோன்றியது.

வண்ணாரப்பேட்டை லைட் கடைக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். கூரை முழுக்க விளக்கு மாட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். தட்டையாக, பால் நிற மூடி போட்டு, வெளிச்சம் நாலா பக்கமும் பரவுகிற ஒரு வகை. பல்பே தெரியாதபடி உள்ளே ஆழமாகப் பதிந்து, வெளிச்சம் மட்டும் கூம்பு மாதிரி நேராகக் கீழே இறங்குகிற இன்னொரு வகை. மஞ்சள், வெள்ளை, ரெண்டுக்கும் நடுவே ஒன்று. கடைப் பையன்கள் இப்போதெல்லாம் அந்த ஆழமான வகையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள் என்றார்கள். கண் கூசாதாம்.

நீ ஒரு காரியம் செய்தாய். ஒவ்வொரு விளக்கைப் போடும்போதும் என் தாடையைப் பிடித்து அதற்கு நேர் கீழே நிறுத்தி என் முகத்தை உற்றுப் பார்த்தாய். "ஏதாச்சும் பேசு" என்றாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடையில் இருந்தவர், "அம்மா மேக்கப் ரூமுக்கா லைட் பாக்குறாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தோம். கடைசியில் நீ அந்தத் தட்டையான பால் மூடியைக் காட்டி, "இத்த வாங்கு" என்றாய்.

"அது ஆஸ்பத்திரி லைட்டு மாதிரி கீதும்மா" என்றேன்.

நீ என் உதட்டைப் பார்த்தாய். அப்புறம் விளக்கைப் பார்த்தாய். "சரி, ஒனக்குப் புட்ச்சத வாங்கு" என்றாய். ஏன் என்று நீ சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. ஆழமாகப் பதிகிற மஞ்சள் விளக்கு ஆறு வாங்கினேன்.

நஸீர் பாய் மாட்ட வந்த நாளும் அப்படித்தான். மனுஷர் முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவர். நூல் பிடித்துக் கூரையில் பென்சிலால் குறி போடுவதற்கு முன்னால், "எங்க குந்திப் பேசுவீங்க, எங்க நடப்பீங்க, அத்த சொல்லும்மா மொதல்ல" என்றார். சோபாவுக்கு மேல் இரண்டு, நடுவில் இரண்டு, டிவி பக்கம் இரண்டு என்று ஒரே வரிசையில் வேண்டும் என்றேன். "சோபாவுக்கு நேர் மேல வேணாம்மா. வெளிச்சம் உச்சந்தலைல வுழும், மூஞ்சில வுழாது. ஒரு ஒன்ற அடி முன்னால தள்ளிக்கலாம்" என்றார். தள்ளினால் வரிசை கோணிப்போகும் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் நான் சொன்ன இடத்திலேயே வட்டம் வட்டமாக அறுத்தார். வெள்ளைத் தூள் உன் தலையில் கொட்டியது. நீ முந்தானையால் தட்டிவிட்டுக்கொண்டு கீழே நின்று ஒவ்வொரு விளக்காக எடுத்துக் கொடுத்தாய்.

சுவரில் இருந்த பழைய டியூப்லைட் புது அழகைக் கெடுக்கிறது என்று அதையும் கழற்றச் சொன்னேன். அதைத் தூக்கிப் போட உனக்கு மனசில்லை. சமையலறையில் மாட்டச் சொன்னாய்.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டதும் ஹால் வேறு வீடு மாதிரி ஆனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சேகர் மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டார். நீயும் நன்றாயிருக்கிறது என்றாய். என் சந்தோஷத்தைப் பார்த்துச் சொன்னாய். இப்போது புரிகிறது.

அதற்கப்புறம் நாலு மாதம்தான் நீ இருந்தாய். அந்த நாலு மாதத்தில் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு நீ ஹாலில் உட்காரவில்லை. சமையலறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாய். நான் வேலை முடிந்து வந்ததும் கோபப்படுவேன். "ஊரே பாத்துட்டு சூப்பரா கீதுன்னு போவுது, நீ இன்னாம்மா இங்க குந்திகினு கீற?"

"இங்கதான் காத்து வருது."

அந்த ஜன்னலில் வருவது மணலி ஆலைப் பக்கத்துக் காற்று. மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். அது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை?

உன் பதில்களும் கோணலாக வர ஆரம்பித்தன. ஹாலிலிருந்து "மாத்திர போட்டியாம்மா?" என்று கேட்டால், "போட்டுட்டேன், ரெண்டு தாப்பாளும்" என்பாய். டிவியில் பார்த்த எதையோ சொன்னால் தலையை ஆட்டுவாய், அவ்வளவுதான். கிண்டல் நின்றுபோனது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உனக்கு மறதி நோய் வருகிறது என்று நினைத்தேன். சேகரிடம் சொன்னேன். "அம்மாக்கு புத்தி தடுமாறுது போலங்க. டாக்டராண்ட காமிக்கணும்." அதை நான் சமையலறையில் சொன்னேன் அம்மா. டியூப்லைட்டுக்குக் கீழே. சொல்லிவிட்டுத் திரும்பினால் நீ வாசற்படியில் நின்றிருந்தாய்.

என் உதட்டைப் பார்த்தாயா? படித்தாயா? சோறு போடட்டுமா என்று கேட்டாய்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் வருகிறேன்.

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். சேகர் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஷிப்டு முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். திவ்யா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒரே கத்தாகக் கத்தினாள். மதுரையில் அவளுக்கு நர்சிங் சீட் கிடைத்துவிட்டது. சேகர் ஈரத் தலையோடு ஓடி வந்தார். ஹாலில் நாங்கள் மூன்று பேரும் ஆளை ஆள் பிடித்துக்கொண்டு குதித்தோம். நீ சமையலறையிலிருந்து வந்து நின்றாய். திவ்யா ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொண்டு, உன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ஆயா, எனக்கு சீட் கெடச்சிட்ச்சு ஆயா!" என்றாள். நீ அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாய்.

அப்புறம் என்னிடம் வந்தாய். நான் என் நாத்தனாரோடு போனில் இருந்தேன். "இன்னாடி?" என்றாய். போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னேன். நீ இன்னும் கிட்டே வந்து, தலையைச் சாய்த்து, கீழிருந்து மேலாக என் வாயைப் பார்த்தாய். "இன்னா சொல்ற?" இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை நீ கேட்டபோது, "போன்ல கீறேன் இல்லம்மா. அப்பால சொல்றேன், வுடு" என்று திரும்பிக்கொண்டேன்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நீயும் சிரித்தாய். உள்ளே போய், யாரும் சொல்லாமலே, ரவை வறுத்துக் கேசரி கிண்டினாய். முந்திரி போட்டு, அவளுக்குப் பிடித்த மாதிரி நெய் தளும்பத் தளும்ப. கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்து கொடுத்தாய். உனக்குத்தான் எங்களைவிட அதிகச் சந்தோஷம் என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் திவ்யாவும் அவளுக்குத் துணிமணி எடுக்கப் போய்விட்டோம். நீ ராயபுரத்துக்கு, உன் ஷெட் தோழி லில்லி பெரியம்மாவைப் பார்க்கப் போனாய். நாங்கள் திரும்பி வரும்போது அசதியாக இருக்கிறது என்று படுத்திருந்தாய். திங்கட்கிழமை காலையில் சேகரும் திவ்யாவும் சேர்க்கை உத்தரவு வாங்கப் போனார்கள். நான் ஆபீஸுக்குப் போனேன். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. சமையலறை முக்காலியில் சுவரில் சாய்ந்தபடி இருந்தாயாம். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாய். டாக்டர் வந்து மாரடைப்பு என்றார்.

உன்னை ஹாலில்தான் கிடத்தினோம். வேறு எங்கே கிடத்துவது? சாயங்காலம் சொந்தக்காரர்கள் வர வர யாரோ விளக்கைப் போட்டார்கள். ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்குள் உன் முகம் பளிச்சென்று தெரிந்தது. நெற்றிப் பொட்டு, மூக்குத்தி, மூடின உதடு, எல்லாம் துல்லியமாக. அந்த விளக்குகளுக்குக் கீழே மல்லாந்து படுத்தவர்களின் முகம்தான் நன்றாகத் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முப்பதாம் நாள் காரியத்துக்கு லில்லி பெரியம்மா வந்தார்கள். ஷெட்டில் உனக்குப் பக்கத்து மிஷின். உன்னைவிட இரண்டு வயது மூத்தவர்கள். அவர்களுக்கும் உன்னைப் போலவே காது போய்விட்டது. சாவன்றைக்குக் கூட்டத்தில் அவர்களோடு நான் பேசவே இல்லை. காரியத்தன்று எல்லோரும் சாப்பிட்டுப் போய், சாயங்காலம் விளக்கும் போட்ட பிறகு, ஹாலில் சோபாவில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, அம்மா கடைசியாக உங்களைப் பார்த்த அன்றைக்கு என்ன பேசினாள் என்று கேட்டேன்.

அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். கண்ணைச் சுருக்கினார்கள். நான் திரும்பவும் கேட்டேன். அவர்கள் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். டியூப்லைட்டுக்கு எதிரே என்னை நிறுத்தி, "இப்ப சொல்லு" என்றார்கள்.

"இன்னா பெரிம்மா?"

"அங்க ஒன் மூஞ்சே தெரீலடி. லைட்டு மண்ட மேல வுழுது. கண்ணு ரெண்டும் பள்ளமா கீது, மூக்கு நெயலு வாயி மேல குந்திகினு கீது. ஒதடே இல்ல ஒனக்கு. இந்த லைட்ட வெச்சிகினு ஒங்கம்மா சரோவாண்ட எப்டிடி பேசின?"

நான் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உன்னைப் பற்றிச் சொன்னார்கள். காது கேட்காததால் தன் குரலின் சத்தம் அவர்களுக்கே தெரியாமல், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்கள்.

"ஞாயித்துக்கெயமை பூசை முட்ச்சிட்டு வந்தேன், வாசல்ல ஒங்கம்மா நிக்கிறா, கைல டப்பா. கேசரி. இன்னாடி விசேஷம்னேன். தெர்லடின்னா. இன்னாடி தெர்லன்றன்னு கேட்டேன். 'வூட்ல எல்லாம் சிரிச்சுகினு கீதுங்க லில்லி. கொயந்த வந்து கட்டிக்குது. நல்ல சேதிதான் போல. இன்னான்னுதான் தெர்ல. அதான் கேசரி பண்ணேன்'னா."

அம்மா, இந்த வரியை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஏன் என்னிடம் நேராகச் சொல்லவில்லை? "கலா, இந்த லைட்டுல ஒன் வாய் தெரீலடி" என்று ஒரு வார்த்தை. கழற்றி எறிந்திருக்க மாட்டேனா? இதையும் பெரியம்மாவிடம் கேட்டேன். "அவ எப்டி சொல்லுவா? பொண்ணு ஆசையா போட்ட லைட்டு. காது போச்சுன்னு ஷெட்டுலயே ஒரு நாளும் ஒத்துக்கல அவ, ஒன்னாண்ட ஒத்துக்குவாளா?" என்றார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. நான் "அப்பால சொல்றேன், வுடு" என்று சொன்ன தடவைகளை எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை.

மறுநாளே நஸீர் பாயைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். சோபாவுக்கு நேர் மேலே வேண்டாம் என்று அவர் அன்றைக்கே சொன்னாரே, அதை இப்போது சொல்லிக்காட்டவில்லை. "தெரியாம பண்றதுதான்மா எல்லாம்" என்றார். அப்புறம், "அந்தப் பெரியம்மாவ வரச் சொல்லு. அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சாதான் கரெக்ட்டு. பாத்துட்டு அறுக்கலாம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லில்லி பெரியம்மா வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். நான் எதிரே நின்றேன். கடையில் நீ கைகாட்டினாயே, அதே தட்டையான பால் மூடி விளக்கு. மஞ்சளும் இல்லாமல் நீலமும் இல்லாமல் நடுவாந்தரமான வெள்ளை. நஸீர் பாய் தற்காலிகமாக ஒரு ஒயரில் அதைக் கோத்து, ஏணி மேல் ஏறி நின்று கையிலேயே பிடித்துக்கொண்டு, இங்கேயா, அங்கேயா என்று நகர்த்தினார். ஒவ்வொரு இடத்திலும் நான் சத்தம் வராமல் ஏதாவது பேச வேண்டும். பெரியம்மா அதைப் படித்துச் சொல்ல வேண்டும்.

"இப்போ?"

"கன்னம் தெரீது. ஒதடு தெரீல."

"இப்போ?"

"கண்ணு கூசுது பாய், கொஞ்சம் பின்னால போ."

பேர் சொன்னேன், கிழமை சொன்னேன், பஸ் நம்பர் சொன்னேன். சோபாவுக்கு ஒன்றரை அடி முன்னால் விளக்கு வந்ததும் அவர்கள் கண் தளர்ந்தது. "நில்லு நில்லு. இங்கதான். இப்ப பேசு."

என்ன பேசுவது என்று எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. சத்தமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாக உதட்டைப் பிரித்துச் சொன்னேன்.

பெரியம்மா ஹாலே அதிரும்படி படித்தார்கள். "திவ்யாவுக்கு... மதுரைல... சீட்டு கெடச்சிட்ச்சு!"

படித்து முடித்த பிறகுதான் அது என்ன என்று அவர்களுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்கள். நஸீர் பாய் ஏணியில் நின்றபடியே விளக்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். கை வலித்திருக்கும். நான் அழுது முடிக்கிற வரைக்கும் அவர் கையை இறக்கவில்லை. அப்புறம் பென்சிலை எடுத்து அந்த இடத்தில் குறி போட்டார்.

திவ்யா போன வாரம் லீவுக்கு வந்தாள். மெலிந்திருக்கிறாள். ஹாஸ்டல் சாம்பார் சரியில்லையாம். ஊசி போடக் கற்றுக்கொண்டாளாம். வந்ததும் கூரையைப் பார்த்து, "இன்னாம்மா, லைட்ட எல்லாம் மாத்திட்ட?" என்றாள். அவளிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அவள் வருகிற வரைக்கும் யோசித்திருந்தேன். தானே ஓடிவந்து உன்னிடம் சொன்னோம் என்று அவள் பெருமையாக இருந்தாள். ஆனால் சொன்னேன். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் கட்டிப்புடிச்சிகினு, கயுத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அப்புறம் கேட்டாள். "அப்ப ஆயா எதுக்குன்னு தெரியாமதான் கேசரி பண்ணிச்சா?"

ஆமாம் என்றேன்.

அவள் எழுந்து உன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நேராக நிமிர்ந்து, முகத்தைத் தூக்கி, உன் கண்ணைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள். கல்லூரி பேர், எந்த வருஷம், எந்த ஹாஸ்டல், ரூமில் எத்தனை பேர், எல்லாம் சொன்னாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். உனக்கும் அவளுக்கும் நடுவே நான் எதற்கு?

விளக்கை மாற்றியதிலிருந்து லில்லி பெரியம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து, ராயபுரத்திலிருந்து ரயிலேறி இங்கே வந்துவிடுகிறார்கள். மத்தியானம் சாப்பிட்டு, சாயங்காலம் விளக்கு வைத்தும் ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் அவர்களும் சத்தமில்லாமல் பேசுகிறோம். சேகருக்கு நாங்கள் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் மண்டை காய்கிறது. எனக்கு உதடு படிக்க இன்னும் சரியாக வரவில்லை. பாதி தப்பாகத்தான் படிக்கிறேன். நீ எவ்வளவு கஷ்டப்பட்டு எங்களைக் கேட்டிருக்கிறாய் என்று அப்போது தெரிகிறது. தலைவலி வந்துவிடுகிறது அம்மா. தினமும் சாயங்காலம் உனக்கும் வந்திருக்குமோ? அந்த மாத்திரைகளில் ஒன்று தலைவலி மாத்திரையோ?

விளக்கை மாற்றினதால் எதுவும் சரியாகிவிடாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் இதை மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் சேர்ந்து சிரிக்கிற இடத்தில், மற்றவர்கள் முகத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சிரிக்கிறவர்கள் யார் என்று இனிமேல் பார்ப்பேன். பெரியம்மாவாக இருந்தாலும் சரி, ரயிலில் முகம் தெரியாத யாராக இருந்தாலும் சரி. அவர்கள் எதிரே போய் நின்று, எதற்குச் சிரித்தோம் என்று முழுசாகச் சொல்வேன். புரிகிற வரைக்கும் சொல்வேன்.

உன் உதட்டை மட்டும் கடைசிவரை பார்த்துப் படிக்காமல் போன,
உன் மகள்
கலா